கான்ஸ்டிடியூஷன் கப்பலும் அதன் தபால் முத்திரைகளும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பாஸ்டன் நகரின் சார்ல்ஸ்டவுன் துறையில் இன்றும் நீரில் மிதந்துகொண்டிருப்பதும், அந்நாட்டுக் கப்பற்படையின் பட்டியலில் இன்றும் பணியிலுள்ள கப்பலாகவே பதிவு பெற்றிருப்பதும், 1797ஆம் ஆண்டில் கடலில் இறக்கப்பட்டதுமாகிய 'கான்ஸ்டிடியூஷன்' என்னும் மரக்கப்பலைப் பற்றிப் பல நூல்கள் எழுந்துள்ளன. அவை பெரும்பாலும் அதன் பீரங்கிகளின் கணக்கையும், பாய்மரங்களின் உயரத்தையும், தளபதிகளின் தீரத்தையும் விரிவாகப் பேசுவன. கடிதங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆயினும் இக்கப்பலின் ஆயுளில் மிக முக்கியமான இரண்டொரு சம்பவங்களுக்கு, ஒரு கடிதம் உரிய காலத்தில் போய்ச் சேராமையே காரணமாகவோ பயனாகவோ அமைந்தது என்பதையும், போர்த்தொழிலை அது அறவே விட்ட பிறகு மேற்கொண்ட மூன்றாண்டுப் பிரயாணத்தின் தினசரிக் குறிப்பு உறைகளின் மேல் விழுந்த தபால் முத்திரைகளாகவும் எஞ்சியிருக்கிறது என்பதையும் நோக்கினால், தபால் வழியாக இந்தக் கப்பலின் சரித்திரத்தைக் காண்பது வீண் வேலையன்று.

விடுதலை யுத்தம் முடிந்தபின், கையில் பணமின்றித் தன் கடைசிப் போர்க்கப்பலையும் 1785இல் விற்றுவிட்ட அந்த இளங்குடியரசு, வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர்களிடம் தன் வணிகக் கப்பல்களையும் மாலுமிகளையும் பறிகொடுத்துத் தவித்த காலத்தில், 1794 மார்ச் 27ஆம் நாள், ஆறு 'பிரிகேட்' வகைப் போர்க்கப்பல்களைக் கட்டுவதற்கான சட்டத்தை இயற்றிற்று. அச்சட்டத்தில் ஒப்பமிட்டவர் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். எதிரியின் பெருங்கப்பல்களைக் கண்டால் ஓடித் தப்பும் வேகமும், தன் இனக் கப்பல்களைக் கண்டால் நின்று வெல்லும் வலிமையும் ஒருங்கே வேண்டும் என்பது இவற்றை வகுத்த பிலடெல்பியாவின் ஜாஷுவா ஹம்பிரீஸ் என்ற சிற்பியின் கொள்கை. அதன்படி பாஸ்டனில் எட்மண்ட் ஹார்ட் என்பவரின் கப்பல் தளத்தில், ஜார்ஜியாக் கரையோரத் தீவுகளில் வெட்டிய, இரும்புக்கு நிகரான கடினமுள்ள 'லைவ் ஓக்' மரங்களை விலாவாக வைத்து, செம்பு ஆணிகளையும் பிற உலோகப் பொருள்களையும் பால் ரெவேர் என்ற கைவினைஞர் வார்த்துக் கொடுக்க, 3 லட்சத்து 2 ஆயிரம் டாலருக்கு மேல் செலவாகி எழுந்தது கான்ஸ்டிடியூஷன். 44 பீரங்கிகள் என்பது ஏட்டுக் கணக்கு. உண்மையில் ஐம்பதுக்கு மேற்பட்டவை இருந்தன. முதல் இரண்டு முயற்சிகளில் சறுக்குப் பாதையில் சில அடி தூரமே நகர்ந்து நின்றுவிட்ட அக்கப்பல், மூன்றாம் முறையாக 1797 அக்டோபர் 21ஆம் தேதி நீரைத் தொட்டது.

பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த அரைகுறை யுத்தத்தையும், திரிப்போலியின் முன் எட்வர்ட் பிரெபிள் நடத்திய முற்றுகையையும் நாம் இங்கே விரிக்க வேண்டுவதில்லை. கப்பலுக்குப் புகழ் தந்தது ஆங்கிலேயரோடு யுத்தம் மூண்ட 1812ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜூலையில் ஐந்து ஆங்கிலக் கப்பல்கள் துரத்த, காற்றே இல்லாத கடலில், சிறு நங்கூரங்களைப் படகுகளில் ஏற்றி முன்னே கொண்டுபோய் நீரில் இறக்கிவிட்டு, அவற்றின் வடத்தைப் பற்றி இழுத்து இழுத்தே கப்பலை நகர்த்தி, 57 மணி நேரம் இவ்விதம் போராடித் தப்பித்த ஐசக் ஹல் என்ற தளபதி, ஆகஸ்டு 19ஆம் நாள், தம்மைத் துரத்திய அதே கூட்டத்தைச் சேர்ந்த 'கெரியர்' என்ற ஆங்கிலப் பிரிகேட்டைத் தனியே சந்தித்து, ஏறக்குறைய 35 நிமிஷத்தில் அதன் மூன்று பாய்மரங்களையும் வீழ்த்தினார். எதிரியின் குண்டுகள் கப்பலின் விலாவில் பட்டுத் தெறித்து விழுந்ததைக் கண்ட மாலுமி ஒருவன் அந்த விலாக்கள் இரும்பாலானவை என்று கூவினானாம்; 'ஓல்டு அயர்ன்சைட்ஸ்' என்ற செல்லப்பெயர் அன்று பிறந்தது. இந்த வெற்றியைப் பாஸ்டனுக்குத் தெரிவித்த தூதும் கப்பலேதான். அதனினும் விரைந்து செல்லும் தபால் அந்தக் கடலில் ஏது?

இனி வரும் நிகழ்ச்சியில் தமிழ் வாசகருக்கு ஒரு நெருங்கிய தொடர்பு உண்டு. அதே ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், பிரேஜில் நாட்டுக் கரைக்கு அப்பால், வில்லியம் பெயின்பிரிட்ஜ் தலைமையில் சென்றுகொண்டிருந்த கான்ஸ்டிடியூஷன், 'ஜாவா' என்ற ஆங்கிலப் பிரிகேட்டை எதிர்ப்பட்டது. ஜாவா போருக்கென்று புறப்பட்டு வந்ததன்று, இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பம்பாயில் கட்டப்பட்டுவந்த 'கார்ன்வாலிஸ்' என்ற பெரிய போர்க்கப்பலுக்கு வேண்டிய செம்பும், பம்பாயில் படைத் தலைமையை ஏற்கச் சென்ற லெப்டினெண்ட் ஜெனரல் தாமஸ் ஹிஸ்லாப்பும் அதில் இருந்தனர். இவற்றோடு, செயின்ட் ஹெலினா, நன்னம்பிக்கை முனை, இந்திய, சீனக் கடல்களிலுள்ள ஆங்கில ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய அரசாங்கக் கடிதங்களும் அக்கப்பலில் இருந்தன என்று பெயின்பிரிட்ஜ் தம் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் எழுதியிருக்கிறார். அவ்வாறாயின் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு உரிய கடிதக் கட்டும் அவற்றுள் இருந்திருக்க வேண்டும் என்று கொள்வது மிகையாகாது.

போர் கடுமையாக நடந்தது. கான்ஸ்டிடியூஷனின் சுக்கான் சக்கரம் குண்டடிபட்டுச் சிதறியது. பெயின்பிரிட்ஜுக்கு இருமுறை காயம் பட்டது. ஜாவாவின் தளபதி ஹென்றி லாம்பர்ட் உயிருக்கு ஆபத்தான காயமுற்றுச் சில நாட்களில் இறந்தார். ஊருக்கு இழுத்துச் செல்ல முடியாத அளவு சேதமடைந்துவிட்ட ஜாவாவின் சக்கரத்தைக் கழற்றித் தம் கப்பலில் பொருத்திக்கொண்டு, எஞ்சியதை அமெரிக்கர் தீயிட்டனர். கோட்டைகளுக்கும் ஸ்தாபனங்களுக்கும் போக வேண்டிய கடிதங்கள் அந்தக் கப்பலின் வழியாகப் போய்ச் சேரவில்லை. ஹிஸ்லாப் மட்டும் வாக்குறுதியின்மேல் விடுவிக்கப்பட்டு, தம்மை மரியாதையாக நடத்திய பெயின்பிரிட்ஜுக்கு ஒரு வாளைப் பரிசளித்து, ஊர் திரும்பி, 1814இல் பம்பாய்க்குப் பதிலாகச் சென்னைப் படையின் தலைமையைப் பெற்றார். 1817இல் மஹீத்பூரில் ஹோல்கரின் சேனையை முறியடித்த ஹிஸ்லாப் இவரே. மராட்டிய யுத்தத்தைப் படிக்கும் நம் மாணவர்களுக்கு, அவர் முதன்முதல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது நடுக்கடலில் அமெரிக்கர் கையில் சிறைப்பட்டார் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

செய்தி சேராமை பயனாக விளைந்த நிகழ்ச்சி அது. செய்தி சேராமையே காரணமான நிகழ்ச்சி மற்றொன்று. 1814 டிசம்பர் 24ஆம் தேதி கெண்ட் நகரத்தில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகி, 1815 பிப்ரவரி 17இல் வாஷிங்டனில் உறுதிப்பத்திரங்களும் பரிமாறப்பட்டுவிட்டன. அதற்கு மூன்று நாட்களுக்குப் பின்பு, பிப்ரவரி 20 மாலையில், மதீராத் தீவுக்கு அப்பால், சார்ல்ஸ் ஸ்டூவர்ட் தலைமையிலிருந்த கான்ஸ்டிடியூஷன் 'சையேன்', 'லெவாண்ட்' என்ற இரண்டு ஆங்கிலக் கப்பல்களை ஒரே போரில் வென்றது. அந்த மாலையில் மூன்று கப்பல்களில் இருந்தோர்க்கும், அவர்களுடைய அரசாங்கங்கள் பகைமையை ஒழித்துக்கொண்டன என்பது தெரியாது. கடலில் உள்ள கப்பல்களுக்குச் செய்தி எட்டத் தாமதமாகும் என்பதை முன்னரே உணர்ந்து, தூரத்துக்குத் தக்கவாறு தவணை வகுத்து, அத்தவணைக்குள் பிடித்தவை செல்லும் என்று உடன்படிக்கையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். சட்டப்படி அது குற்றமற்ற வெற்றி. செத்தவர்களுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆனால் தபால் மெல்ல நடந்த உலகத்தில் யுத்தமும் சமாதானமும் ஒரே நாளில் எங்கும் முடிவதோ தொடங்குவதோ இயலாத காரியம்.

அக்காலத்து மாலுமி எழுதிய கடிதம் எப்படி வீடு சேர்ந்தது என்பதையும் சிறிது காண்போம். கப்பலில் தபால் அலுவலகம் என்ற ஒன்று கிடையாது; தபால் தலை கிடையாது; உறைகூடப் பெரும்பாலும் கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, விலாசத்தை வெளிப்புறத்தில் எழுதி, வழியில் எதிர்ப்படும் வணிகக் கப்பலிடமோ, அயல்துறையிலுள்ள தூதரக உத்தியோகஸ்தரிடமோ ஒப்படைப்பார்கள். அதைக் கொண்டுவந்து அமெரிக்கத் துறைமுகத் தபால் நிலையத்தில் சேர்க்கும் தனியார் கப்பல் தலைவனுக்குக் கடிதம் ஒன்றுக்கு 2 சென்ட் கூலி உண்டு. 1799ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடிதம் அந்தத் துறைமுக ஊரிலேயே பெறப்பட்டால் 6 சென்ட். உள்நாட்டுக்குப் போவதாயின், வழக்கமான தூரக் கட்டணத்தோடு 2 சென்ட் கூடுதல். பெறுபவரே கட்ட வேண்டும். துறைமுகத் தபால்காரர் அந்தத் தாளின்மேல் 'ஷிப்' என்ற ஒரே சொல்லை முத்திரையாகக் குத்துவார். எந்தக் கப்பல் என்பது அதில் இராது; கொண்டுவந்த கப்பலைத்தான் தபால் இலாகா கருதிற்றேயன்றி, எழுதியவன் வாழ்ந்த கப்பலைக் கருதவில்லை. உள்ளே மடிப்பைப் பிரித்து, தலைப்பில் எழுதியவன் கையெழுத்திலேயே கப்பலின் பெயரையும் நாளையும் கண்டால்தான் அது கான்ஸ்டிடியூஷனிலிருந்து வந்தது என்று அறியலாம். 1844 முதல் 1846 வரை, 'பித்தன் ஜாக்' என்று மாலுமிகள் அழைத்த ஜான் பெர்சிவல் தலைமையில், 495 நாட்கள் கடலில் கழித்து, 52,370 மைல் ஓடி, ஜான்சிபார், சிங்கப்பூர், அன்னாம் நாடு என்று உலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தபோதும் நிலைமை இதுவே. அமெரிக்க அரசாங்கம் தன் முதல் தபால் தலைகளை வெளியிட்டது 1847 ஜூலையில்தான். அதற்குள் இக்கப்பல் பூமியை வலம் வந்து திரும்பிவிட்டது.

ஆக, கான்ஸ்டிடியூஷன் போர் செய்த காலத்தில் அதற்கென்று ஒரு முத்திரை இருந்ததில்லை. முத்திரை வந்த காலத்தில் போர் இருந்ததில்லை.

இடைக்காலத்தை விரைந்து கடப்போம். 1830இல் கப்பலை உடைத்துவிடப் போகிறார்கள் என்ற வதந்தியைப் பத்திரிகையில் கண்ட ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற இளைஞர் எழுதிய கவிதை ஒன்று நாடெங்கும் பரவியது, கப்பல் பிழைத்தது. 1834இல் அதன் முகப்பில் ஜனாதிபதி ஜாக்சனின் மரச் சிலையைப் பொருத்தியபோது, ஜாக்சனை வெறுத்த பாஸ்டன் மக்களின் கோபத்தைத் தன் கோபமாக்கிக்கொண்ட ஒருவன், மழை பெய்த இரவில் படகோட்டிச் சென்று சிலையின் தலையை ரம்பத்தால் அறுத்துக்கொண்டு போய்விட்டான். ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வாணிகத்தைத் தடுக்கும் காவல். கடற்படைக் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சிக் கப்பல். 1878இல் பாரிஸ் கண்காட்சிக்குப் பொருள் சுமக்கும் வேலை. பின்பு போர்ட்ஸ்மவுத் துறையில் மேலே ஓட்டுக்கூரை போன்ற கட்டடத்தைச் சுமந்துகொண்டு, புதிதாகச் சேர்ந்த மாலுமிகள் தங்கும் விடுதி. தபாலைப் பொறுத்தவரை, அமெரிக்க உள்நாட்டு யுத்தக் காலத்திலிருந்து, கையில் காசில்லாத படைவீரனும் மாலுமியும் தம் உறையின்மேல் அதிகாரியின் ஒப்பத்தோடு 'மாலுமியின் கடிதம்' என்று எழுதிவிட்டால், முன்பணம் இன்றி அனுப்பலாம், பெறுபவர் அபராதமின்றி உரிய கட்டணத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்ற சலுகை ஏற்பட்டிருந்தது. 1905இல் கப்பற்படை மந்திரியாக இருந்த சார்ல்ஸ் பொனபார்ட், இந்தப் பழங்கட்டையைக் கடலுக்கு இழுத்துச் சென்று பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக்கி மூழ்கடித்துவிடலாம் என்று யோசனை கூறினார். நெப்போலியனின் தம்பி பேரன் அவர். ஆங்கிலேயரைக் கடலில் வென்ற கப்பலை ஒழிக்க, ஆங்கிலேயரிடம் தோற்ற குடும்பத்தார் ஒருவர் முன்வந்தது விதியின் விளையாட்டுப் போலும். ஜனங்கள் பொங்கி எழுந்தனர். 1906இல் காங்கிரஸ் சபை பழுதுபார்க்க 1 லட்சம் டாலர் அளித்தது.

அமெரிக்கப் போர்க்கப்பல்களில் தபால் அலுவலகங்கள் தோன்றியது இதே காலத்தில்தான். ஆயிரம் பேர் வாழும் எஃகு நகரங்களாகக் கப்பல்கள் வளர்ந்துவிட்ட பின், கரையிலுள்ள அலுவலகத்தை நம்பி அவர்களுடைய தபாலை நடத்த முடியாது என்று உணர்ந்து, 1908 மே 27ஆம் நாள் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. மாலுமிகளுள் தக்கவனைத் தேர்ந்து, பிணை வாங்கிக்கொண்டு, தபால் குமாஸ்தாவாக நியமிப்பது. அவன் தபால் தலை விற்பான், பதிவுக் கடிதம் ஏற்பான், மணியார்டர் எழுதுவான், கப்பலின் பெயரைத் தாங்கிய முத்திரையைக் குத்துவான். அவனுக்கு எஜமானர் இருவர்: பீரங்கி முழங்கும்போது கப்பல் தலைவர், கணக்குக் கேட்கும்போது தபால் இலாகா.

அந்த முத்திரையின் அமைப்பு நம் கதைக்கு இன்றியமையாதது. இடப்பக்கத்தில் ஒரு வட்டம். வட்டத்தின் விளிம்பில் கப்பலின் பெயர். நடுவில் தேதி, ஆண்டு. வலப்பக்கத்தில், தபால் தலையின்மேல் விழுந்து அதை மீண்டும் பயன்படாமல் செய்வதற்காக, கிடையாக நீண்ட கனத்த கோடுகள். இந்தக் கோடுகளுக்கு இடையே வெற்றிடம் உண்டு. அந்த இடத்தில் சிற்றெழுத்துக்களைக் கோத்து, கப்பல் அப்போது நிற்கும் துறையின் பெயரையோ, அன்றைய விசேஷத்தையோ அச்சிடலாம் என்று குமாஸ்தாக்கள் கண்டுகொண்டார்கள். சாதாரண ஊர்த் தபால் நிலையம் நகருவதில்லை. ஆகவே அதன் முத்திரைக்கு இத்தகைய தேவை எழவில்லை. நகரும் தபால் நிலையத்துக்கோ, பெயர் ஒன்று, இருப்பிடம் நாளுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே முத்திரையில் சேர்த்து வைத்ததனால், ஓர் உறையைக் கையிலெடுத்தால் எந்தக் கப்பல், எந்த நாள், எந்தத் துறை என்ற மூன்றையும் சாசனம் போல் படித்துவிடலாம். இம்முத்திரைகளின் வட்டம் ஒன்றா இரண்டா, கோடு எத்தனை, அவை வட்டத்தைத் தொடுகின்றனவா என்பனவற்றையெல்லாம் நுணுகி நோக்கி எண்ணும் எழுத்துமாக வகைப்படுத்தியவர் டாக்டர் பிரான்சிஸ் லோசி. இன்றும் அவர் பெயராலேயே அந்த முறை வழங்குகிறது. 1932இல் இத்துறை ஆர்வலர்கள் 'யுனிவர்சல் ஷிப் கான்சலேஷன் சொசைட்டி' என்ற சங்கத்தையும் நிறுவினர்.

கான்ஸ்டிடியூஷனுக்கு மீண்டும் வருவோம். 1917இல் புதிதாகக் கட்டவிருந்த ஒரு பெருங்கப்பலுக்குப் பெயர் வேண்டுமென்று இதன் பெயரைப் பறித்து, இதற்கு 'பழைய கான்ஸ்டிடியூஷன்' என்று பெயரிட்டார்கள். அந்தப் புதுக்கப்பல் கட்டி முடியாமலே கைவிடப்பட்டது. 1925 ஜூலையில் பழையது தன் பெயரைத் திரும்பப் பெற்றது. ஆனால் உடல் உளுத்துப்போயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு காசாகத் திரட்டும் இயக்கம் தொடங்கிற்று. கப்பலின் வண்ணப்படங்கள் விற்கப்பட்டன. குறைந்த தொகையைக் காங்கிரஸ் ஈடு செய்தது. 1927 ஜூனில் உலர்துறையில் ஏற்றி, ஏறக்குறைய 85 சதவீதம் மரத்தை மாற்றி, மொத்தம் 9 லட்சத்து 46 ஆயிரம் டாலர் செலவில் புதுப்பித்தார்கள். காசு கொடுத்த பிள்ளைகளுக்குக் கப்பலைக் காட்ட வேண்டுமல்லவா? அதற்காக 1931 ஜூலை 1ஆம் நாள் கான்ஸ்டிடியூஷன் மீண்டும் முறைப்படி பணியேற்று, மறுநாள் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. தலைவர் லூயி கல்லிவர். நெடும்பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. சுமார் அறுபது மாலுமிகள், பதினைந்து கப்பற்படைச் சிப்பாய்கள், ரோசி என்ற பெயருடைய ஒரு குரங்கு.

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாய் விரித்து ஓடும் காட்சியை நாடெங்கும் எதிர்பார்த்திருந்தாலும், குறித்த நாளில் குறித்த துறையை அடைய வேண்டியிருந்தமையால், 'கிரீப்' என்ற கண்ணிவாரிக் கப்பல் அதைக் கயிறு கட்டி இழுத்தே சென்றது. வடக்கே மெயின் மாநிலத்தின் பார் ஹார்பர், தெற்கே சார்ல்ஸ்டன், சவானா, மெக்சிகோ வளைகுடாவில் நியூ ஆர்லியன்ஸ், கார்ப்பஸ் கிறிஸ்டி, பிறகு பனாமாக் கால்வாய் வழியே மேற்குக் கடலில் சான் டியேகோ, சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், கனடா எல்லையை ஒட்டிய பெல்லிங்ஹாம் என்று மூன்று கடற்கரைகளிலும் தொண்ணூறு ஊர்களைக் கண்டு, 1934 மே 7ஆம் தேதி பாஸ்டனுக்குத் திரும்பிற்று. ஏறி இறங்கிய ஜனங்கள் 46 லட்சத்துக்கு மேல். வேலையின்றி மக்கள் தவித்த பொருளாதார மந்தத்தின் கொடிய ஆண்டுகள் அவை. இலவசமாகக் காணக் கிடைத்த காட்சிகளுள் இது ஒன்று.

அதே கொடிய ஆண்டுகளில்தான், சில காசுகளே செலவாகும் பொழுதுபோக்காகக் கப்பல் முத்திரை சேகரிப்பு சிறுவர்க்கும் பெரியோர்க்கும் பரவிற்று. 1933இல் ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே, முன்பு கப்பற்படைத் துணைச் செயலாளராக இருந்தவரும் தபால் தலை சேகரிப்பதில் தீராத மோகம் கொண்டவருமாவார். சேகரிப்போர் தம் விலாசத்தையே எழுதி, தலை ஒட்டிய வெற்றுறைகளை ஒரு பெரிய உறைக்குள் வைத்துக் கப்பலின் குமாஸ்தாவுக்கு அனுப்புவார்கள். அவர் அவற்றைக் காத்து வைத்திருந்து, குறித்த துறையை அடைந்ததும் கோடுகளுக்கிடையே அந்த ஊரின் பெயரைக் கோத்து முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார். உறையின் இடப்பக்கத்தில் உள்ளூர்ச் சங்கங்களும் வர்த்தகச் சபைகளும் கப்பலின் உருவத்தை அலங்காரமாக அச்சிட்டுத் தந்தன. இழுத்துச் சென்ற கிரீப்பின் முத்திரையையும் விடாமல் தேடியவர்கள் உண்டு. அவர்கள் செய்கை நியாயமே. அந்தத் தூரத்தைக் கடக்க உதவியது அந்தக் கப்பலின் நீராவிதானே! கிரீப் பின்னர் 1942 டிசம்பரில் பிஜித் தீவுகளுக்கு அருகே பவளப்பாறையில் சிக்கி, அடுத்த மாதம் அழிந்தது. அதை யாரும் பாடவில்லை.

இந்த உறைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பிரயாணத்தின் நடுவே உலகம் மாறியதும் தெரியும். 1931இன் உறைகளில் 2 சென்ட் தலை. 1932இல் கப்பல் பல மாதங்கள் வாஷிங்டன் நகரத்தில் தங்கியிருந்தது. அவ்வாண்டு ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த இருநூறாவது ஆண்டு விழாவாகையால், தன்னைக் கட்டச் சட்டம் செய்தவரின் உருவமுள்ள தலையின்மேல் தன் முத்திரையைப் பதிக்கும் வாய்ப்பு கப்பலுக்கு வாய்த்தது. அங்கிருந்தபோதே, ஜூலை 6ஆம் தேதி, அரசாங்கத்தின் வருமானக் குறைவைச் சரிக்கட்டக் கடிதக் கட்டணம் 2 சென்டிலிருந்து 3 சென்டாக உயர்த்தப்பட்டது. அதன்பின் மேற்குக் கடற்கரைத் துறைகளில் எழுந்த உறைகளில் பெரும்பாலும் சிவப்பு நீங்கி ஊதா நிறத் தலை. மந்தத்தின் கதையைப் பொருளாதார நூலில் படிப்பது ஒரு வகை. உறையின் மூலையில் நிறம் மாறுவதில் காண்பது மற்றொரு வகை.

இத்தகைய உறைகளைச் சரித்திர ஆசிரியர் சிலர் மதிப்பதில்லை. உள்ளே கடிதம் இல்லை, எழுதியவனே பெறுகிறான், இது செயற்கை. உண்மையான மாலுமி தன் தாய்க்கு எழுதிய ஒரு கடிதத்துக்கு இவை நூறும் ஈடாகா என்பது அவர்கள் வாதம். மற்றக் கப்பல்களைப் பொறுத்தவரை இதில் நியாயம் உண்டு. விசேஷ நாள் என்று எதையாவது சொல்லிக்கொண்டு கணக்கற்ற அலங்கார முத்திரைகளைச் சில குமாஸ்தாக்கள் தாமே செதுக்கிக் குத்தியதும் உண்டு. ஆனால் கான்ஸ்டிடியூஷனுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். 1931இல் அக்கப்பல் மேற்கொண்ட காரியமே தன்னை ஜனங்களுக்குக் காட்டுவது. அதைக் கண்டதற்கு அடையாளமாக ஜனங்கள் கேட்டு வாங்கிய உறையே அந்தக் காரியத்தின் உண்மையான பத்திரம். தாய்க்கு எழுதிய கடிதம் ஒரு மாலுமியின் மனத்தைக் காட்டும்; இந்த வெற்றுறையோ, பார் ஹார்பரிலும் பெல்லிங்ஹாமிலும் கூடி நின்ற கூட்டத்தின் மனத்தைக் காட்டும். கப்பலின் நாட்குறிப்பில் துறையும் தேதியும் உண்டு, கூட்டம் இல்லை.

1934 ஜூன் 8இல் கப்பல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, 1940 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் காலத்திலேயே நிரந்தரப் பணிப் பட்டியலில் மீண்டும் சேர்க்கப்பட்டது. அடுத்து வந்த யுத்தத்தில், இராணுவ விசாரணையை எதிர்நோக்கிய அதிகாரிகளை அடைத்துவைக்கும் இடமாக அது உதவியது; வீரக் கப்பலுக்கு இது கௌரவமான வேலை என்று சொல்ல மனம் வரவில்லை. ஜப்பான் பெர்ல் ஹார்பரைத் தாக்கிய 1941 டிசம்பர் 7ஆம் தேதிக்குப் பின்னர், எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்பது பகைவருக்குத் தெரியலாகாது என்ற காரணத்தால், முத்திரைகளிலிருந்து கப்பல்களின் பெயரை அகற்றிவிட்டு, கப்பற்படை என்ற பொதுப்பெயரை மட்டும் வைத்தார்கள். துறைகளின் பெயருக்கும் அங்கே இடமில்லை. முதல் உலக யுத்தத்திலும் இவ்வாறே செய்திருந்தனர். ஆகவே அமெரிக்கக் கப்பல் முத்திரைகளில் சமாதான காலத்துக் கடல் வாழ்க்கை நுணுக்கமாகத் தெரியும். யுத்த காலம் ஏறக்குறைய ஊமையாகவே இருக்கும். பெர்ல் ஹார்பரில் 1,177 பேரோடு மூழ்கிய 'அரிஜோனா' கப்பலின் பெயரைத் தாங்கிய உறைகளெல்லாம் அதன் அமைதி நாட்களைச் சேர்ந்தவையே.

1947 அக்டோபர் 21ஆம் தேதி, கப்பல் நீரில் இறங்கிய 150ஆவது ஆண்டில், தபால் இலாகா கான்ஸ்டிடியூஷன் உருவத்தோடு 3 சென்ட் தலையொன்றைப் பாஸ்டனில் வெளியிட்டது. 1997இல் அது 116 ஆண்டுகளுக்குப் பின் தன் பாய்களாலேயே ஓடியது; 2012இல் கெரியர் வெற்றியின் இருநூறாம் ஆண்டில் மற்றொரு முறை ஓடியது, அப்போதும் ஒரு தபால் தலை வந்தது.

நம் வீடுகளிலும் பழைய பெட்டிகளில் அயல்நாட்டு உறைகள் கிடைக்கும். கப்பலில் பணி செய்த பாட்டனார் எழுதியதாகவும் இருக்கலாம், யாரோ நண்பருக்கு வந்ததாகவும் இருக்கலாம். தபால் தலை சேகரிக்கும் பிள்ளைகள் அவற்றை நீரில் ஊறவைத்துத் தலையை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். முத்திரையின் வட்டம் உறையில் இருக்கும், கோடுகள் தலையில் இருக்கும். பிரித்துவிட்டால் கப்பலின் பெயர் ஓரிடத்திலும் துறையின் பெயர் ஓரிடத்திலும் போய், இரண்டும் பயனற்றதாகிவிடும். பெரியோர்கள் அவ்விதம் செய்யவிடாமல் தடுத்து, உறையை உறையாகவே வைத்திருக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.